கூண்டு இசைவு வாரியமும் ஒரு குண்டூசியும்

குஷன்காரர் வீட்டு நாய்க்குக் குண்டூசி என்று பெயர் வைத்தது அவருடைய மனைவி. ஆளைப் பார்த்து வைத்த பெயர். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டினால் அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்தத் துளி உடம்புக்குள் இருந்த பயத்தை ஊருக்கே பங்கு போட்டுக் கொடுக்கலாம். குக்கர் விசிலடித்தால் பயம். வாசலில் பேப்பர் விழுந்தால் பயம். மழை வந்தால் பயம், நின்றால் ஏன் நின்றது என்று பயம். ஒருநாள் தனக்கே விக்கல் வந்து, விக்கினது யாரென்று தெரியாமல் தையல் மெஷினுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டு அரை நாள் வெளியே வரவில்லை.

இந்த ஜீவனைத்தான் கூண்டில் வைத்து மூன்று நாள் கப்பலில் கொண்டுபோக வேண்டும் என்று ஆகிவிட்டது.

கடல் தாண்டி இருக்கிற மகளுக்குத் தலைப்பிரசவம். "அம்மா பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று மகள் போனில் அழுதாள். "குண்டூசி வந்தாத்தான் நான் வருவேன்" என்று அம்மா இந்தப் பக்கம் அழுதாள்.

"ரெண்டு மாசத்துக்கு எங்க அண்ணன்கிட்ட விட்டுட்டுப் போகலாமே" என்றார் குஷன்காரர்.

"உங்க அண்ணனா? போன வீட்டுல எல்லாம் தன் செருப்பையே மறந்துட்டு வர்ற மனுஷன். நாயை எங்க வெச்சோம்னு கேட்டா யோசிச்சுச் சொல்றேன்பாரு."

"அப்ப நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

"போய் என்ன பண்ணுவீங்க? பிரசவ வலியில இருக்கிற பொண்ணுக்கு மெத்தை தெச்சுக் குடுப்பீங்களா?"

கப்பல் பதினெட்டாம் தேதி. அதை விட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்து, அதாவது குழந்தை பிறந்து குப்புறப் படுக்கிற சமயத்தில். கப்பல் கம்பெனியில் கேட்டபோது, நாய் தாராளமாக வரலாம், ஆனால் கூண்டுக்குள் அது மன நிம்மதியோடு இருக்கிறது என்று வாரியத்திடமிருந்து சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இருபத்தாறு நாள் இருந்தது. இருபத்தாறு நாளில் ஒரு சோபா செட்டையே உரித்துப் புதிதாகத் தைத்துவிடலாம், ஒரு காகிதம் வாங்க முடியாதா என்று குஷன்காரர் நினைத்தார். பாவம், அவருக்கு மரமும் பஞ்சும்தான் தெரியும்.

செல்லப்பிராணிகள் கூண்டு இசைவு வாரியம் நாலு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. கீழ்த்தளத்தில் மூன்று ஜன்னல்கள். முதல் ஜன்னலில் இரண்டாம் ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் ஜன்னலில் ஆளே இல்லை, ஒரு கைப்பை மட்டும் பொறுப்பாக உட்கார்ந்திருந்தது. மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துப் பதினாலு பக்கத்தில் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

முப்பதாம் கேள்வி வரைக்கும் எப்படியோ சமாளித்துவிட்டார். முப்பத்தொன்றாம் கேள்வி இப்படி இருந்தது: 'கூண்டு குறித்து நாயின் கருத்து என்ன? நாயின் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' குஷன்காரர் வெகு நேரம் யோசித்து 'வவ்' என்று எழுதிக் கொடுத்தார்.

"ஒரு வரிக்குக் குறையாம இருக்கணுங்க" என்று அந்த அம்மாள் திருப்பித் தந்தார்.

அவர் 'வவ்' என்று இன்னும் எட்டுத் தடவை எழுதினார். அம்மாள் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடைசி ரெண்டும் கொஞ்சம் கோபமா இருக்கு. பரவாயில்லை" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் உரிமையாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு. பத்துப் பேர் வந்திருந்தார்கள், நாய் ஒன்றும் வரவில்லை, வரக் கூடாது. நடுவில் ஒரு கூண்டு, அதன் பக்கத்தில் பஞ்சு அடைத்த பொம்மை நாய் ஒன்று. தொழில் புத்தி போகுமா? அடைத்திருப்பது மட்டமான பஞ்சு என்பதைக் குஷன்காரர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். பயிற்சி அலுவலர் கையில் ஒரு குச்சியோடு எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"முதல்ல ஒண்ணு. இங்க யாரும் கூண்டுன்னு சொல்லக் கூடாது. தனி இல்லம்னு சொல்லணும். வாரியத்தோட பேர்லயே கூண்டு இருக்கேன்னு கேப்பீங்க. பேரை மாத்தறதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம். பதினோரு வருஷமா உட்கார்ந்திருக்கு. நடுவுல ஒருத்தராவது எழுந்து போயிருக்காங்களா? இல்லை! குரல் எழுப்பியிருக்காங்களா? இல்லை! அப்படி உட்காரணுங்க உங்க நாய்."

குஷன்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, எங்க வீட்டு நாய் ரொம்பப் பயந்த சுபாவம். உள்ள ஒரு சின்ன பிஸ்கட்டுத் துண்டு போட்டு வெச்சா..."

அலுவலருடைய முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பிஸ்கட்டா? ஒருத்தருக்கு ஒண்ணைக் குடுத்து ஒரு காரியத்தைச் சாதிச்சுக்கிட்டா அதுக்கு என்னங்க பேரு? விதி பதினாலு தெளிவா சொல்லுது. எந்த நாயையும் தின்பண்டம் காட்டித் தூண்டக் கூடாது. நாய் தன் கடமையை உணர்ந்து, தானா, மன நிறைவோட உள்ள போகணும்."

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் தட்டில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அலுவலர் ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினார். பத்துப் பேரும் அதையே பார்த்தார்கள்.

"இது வேற" என்றார் அலுவலர். "இது எனக்குச் சேர வேண்டியது. இது வராம நான் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை."

வாரியத்தின் அங்கீகரிக்கப்பட்ட முறையில் மூன்றே படிகள்: அறிவிப்பு, நுழைப்பு, அடைப்பு. நாயின் எதிரில் நின்று வரவேற்புரையை மூன்று முறை வாசிக்க வேண்டும். பிறகு நாயைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கதவை அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பதினோரு அடி நடக்க வேண்டும். நாய் கத்தினால் அது ஒத்துழையாமை, கண்டுகொள்ளக் கூடாது. பொம்மை நாயை வைத்து ஒவ்வொருவரும் செய்து காட்டினார்கள். பொம்மை நாய் நூற்றுக்கு நூறு வாங்கியது.

குண்டூசி அப்படி வாங்கவில்லை. குஷன்காரர் வீட்டு நடுவறையில் நின்று, "அன்புள்ள விலங்கே, உனது புதிய இல்லத்துக்கு வாரியம் உன்னை வரவேற்கிறது" என்று வாசிக்கும்போது அது வாலை ஆட்டிக்கொண்டுதான் கேட்டது. எஜமானர் தன்னோடு இவ்வளவு நேரம் பேசியதில் அதற்குச் சந்தோஷம். அப்புறம் தூக்கி உள்ளே வைத்தார், அடைத்தார், நடந்தார். அஞ்சாவது அடியிலேயே வீடு அதிர்ந்தது. அவ்வளவு சின்னத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு ஓலம் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து கதவைத் திறப்பதற்குள், கம்பியைப் பிறாண்டி ஒரு நகம் பிய்ந்து ரத்தம் கசிந்துவிட்டது.

"பேரப்பிள்ளையைப் பார்க்கப் போறதுக்குள்ள இதைக் கொன்னுடுவீங்க போலிருக்கே!" என்று கத்தினாள். "கல்லு மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்க!"

"திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார் அவர். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு குண்டூசி கூண்டைக் கண்டாலே நடுங்கியது. அதாவது பரவாயில்லை. குஷன்காரரைக் கண்டாலும் நடுங்கியது. ஆறு வருஷமாக அவர் காலடியில் பஞ்சுத் தூசிக்குள் தூங்கிய நாய், அவர் கை நீட்டினால் மெஷினுக்கு அடியில் இன்னும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவர் ஒரு தையலும் போடவில்லை.

வாரியத்துக்குப் போய்ச் சொன்னார். மூன்றாம் ஜன்னல் அம்மாள் அதைக் குறித்துக்கொண்டு, "அப்ப நாய் ஆட்சேபம் தெரிவிச்சிருக்கு. முறைப்படி அதுக்கு நோட்டீஸ் போகும்" என்றார். போனது. பதிவுத் தபாலில், குண்டூசியின் பெயருக்கே. தபால்காரர் வாசலில் நின்று, பெறுநர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அடம்பிடித்தார். பெறுநர் தபால்காரரைப் பார்த்த மாத்திரத்தில் மெத்தை உறைக்குள் நுழைந்துவிட்டது. கடைசியில் மனைவி தன் கட்டை விரலை மையில் தோய்த்து ஒரு குத்துக் குத்தி அனுப்பினாள். நாலு நாளில் பதில் வந்தது: 'நாயின் கால் ரேகை மனித ரேகையை ஒத்திருப்பதால் நாய் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். நாய்களுக்குக் கட்டடத்தில் அனுமதி இல்லை என்பதால் உரிமையாளர் வரவும்.'

அவர் மூன்றாம் தேதி காலையிலேயே போய் மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். விசாரணைக்கு யாரும் கூப்பிடவில்லை. பெஞ்சின் மெத்தையில் ஒரு ஓரம் பிரிந்திருந்ததைக் கண்டு கை சும்மா இருக்காமல், சட்டைப் பையிலிருந்து ஊசி நூல் எடுத்து அதைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"குஷன் வேலை தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டது ஒரு குரல். அன்றைக்கு வகுப்பில் டீ கொண்டுவந்த அதே அம்மாள். மணியடித்தால் போகிற வேலை என்பதால் அவரை அங்கே எல்லோரும் மணி அக்கா என்றார்கள்.

"முப்பது வருஷமா அதானுங்க தொழில்."

"கடவுளா பார்த்து அனுப்பிச்சிருக்கார். எங்க இயக்குநர் நாற்காலியில திங்கக்கிழமை ஸ்பிரிங் ஒண்ணு பிச்சுக்கிட்டுக் குத்திடுச்சு. அதுலேர்ந்து மனுஷன் ரூமுக்குள்ளயே போக மாட்டேங்கறார். புது நாற்காலி போட்டுப் பார்த்தோம். இந்தப் பயிற்சி அலுவலர் இருக்காரே, கையைப் பிடிச்சு உள்ள உட்கார வெச்சுக் கதவைச் சாத்திட்டார். அவ்வளவுதான், இயக்குநர் ரெண்டு நாள் லீவு போட்டுட்டார், இன்னிக்குத்தான் வர்றார். ஒரு ஃபைல் நகரல."

குஷன்காரர் பழைய நாற்காலியைத் தாழ்வாரத்தில் கவிழ்த்துப் போட்டு, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, பஞ்சு நிரப்பித் தைத்துக் கொடுத்தார். மணி அக்கா அதை அறைக்குள் அதே பழைய இடத்தில் போட்டு, அதன் முதுகில் சாயம் போன துண்டு ஒன்றை விரித்தார்.

"அதைத் துவைக்கக் கூடாதாங்க? ஒரு மாதிரி வாடை அடிக்குதே."

"துவைச்சா போச்சு. அவர் வாடை இருந்தாத்தான் உட்காருவார். சும்மா இருந்து பாருங்க."

பத்து மணிக்கு இயக்குநர் வந்தார். பெரிய உருவம், நல்ல மீசை. பின்பக்கத்துப் படி வழியாக யார் கண்ணிலும் படாமல் ஏறிவந்து, தன் அறை வாசலுக்கு நாலடி முன்னால் நின்று, சுவரில் தொங்கிய பழைய காலண்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். மணி அக்கா வணக்கம் கூடச் சொல்லவில்லை. அறைக் கதவை விரியத் திறந்து, அது தானாக மூடிக்கொள்ளாமல் ஒரு கயிற்றால் கட்டினார். பிஸ்கட் தட்டை வாசற்படிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். பிறகு அவர் பக்கமே திரும்பாமல் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் இயக்குநர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு காலண்டருக்கே திரும்பிப் போய்விட்டார். மணி அக்கா தட்டை மேஜையின் இந்த முனைக்கு நகர்த்தினார். இயக்குநர் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று இன்னொன்றை எடுத்தார். தட்டு மேஜையின் அந்த முனைக்குப் போனது. அவர் உள்ளே போனார், துண்டைத் தொட்டார், மோந்து பார்த்த மாதிரி கூட இருந்தது, உட்கார்ந்தார். கதவு திறந்தே கிடந்தது. கால் மணி கழித்து அக்கா கயிற்றை அவிழ்த்துக் கதவைப் பாதி சாத்தினார், உடனே திறந்தார். மறுபடி சாத்தினார், ஒரு நிமிஷம். வெளியே நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"பாட்டு எதுக்குங்க?"

"ஆள் இருக்குன்னு தெரியணுமில்ல? சத்தம் நின்னா எட்டிப் பார்ப்பார். பத்தொம்போது வருஷத்துல மூணு இயக்குநரைப் பழக்கியிருக்கேன். எல்லாரும் ஒண்ணுதான். கூப்பிடக் கூடாது, இழுக்கக் கூடாது, அவசரப்படுத்தவே கூடாது. வெளியே வரணும்னு தோணிச்சுன்னா வந்துடலாம்னு நம்பிக்கை வரணும். அது வந்துடுச்சுன்னா வெளியே வரவே மாட்டாங்க."

குஷன்காரர் விசாரணைக்கு நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

முதலில் கூண்டின் கதவைச் சணலால் இழுத்துக் கட்டினார். உள்ளே நல்ல பஞ்சில் ஒரு மெத்தை தைத்துப் போட்டு, அதன்மேல் இரண்டு நாள் போட்ட தன் பனியனை விரித்தார். மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மேலே பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டார். வேகவைத்த முட்டையைப் பொடியாக நறுக்கி, கூண்டுக்கு மூன்றடி தள்ளி வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தார். முதல் நாள் முட்டை காய்ந்து போனதுதான் மிச்சம். இரண்டாம் நாள் ஒரு பிஸ்கட்டுத் துண்டும் சேர்த்து வைத்தார், தட்டு காலியாகிவிட்டது. அதை வாசலுக்கு நகர்த்த மூன்று நாள் ஆனது. தலை மட்டும் உள்ளே, பின்பக்கம் வெளியே என்று ஒரு நாள். எட்டாம் நாள் குண்டூசி முழுசாக உள்ளே போய், பனியனை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்து, பொத்தென்று விழுந்து பெருமூச்சு விட்டது. குஷன்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மனைவிக்குச் சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டாள். ஓலம். மறுபடி வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"அவசரப்பட்டுட்டேங்க."

"பரவாயில்லை விடு. இயக்குநருக்கே ரெண்டு நாள் லீவு ஆச்சு."

ஒரு நொடி, பத்து நொடி, ஒரு நிமிஷம், அவர் பக்கத்தில் இருந்து முணுமுணுக்க முணுமுணுக்க, பதினைந்தாம் தேதி குண்டூசி மூடிய கூண்டுக்குள் இரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்துத் தூங்கியது. நடுவில் ஒரு முறை குக்கர் விசிலடித்தது. ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

பதினாறாம் தேதி வாரியத்தின் முற்றத்தில் தேர்வு. கூண்டைத் தரையில் வைத்ததும் குண்டூசி தானாக உள்ளே போய்ப் படுத்தது. கதவை மூடினார்கள். முப்பது நிமிஷம் பயிற்சி அலுவலர் கையில் கடிகாரத்தோடு உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாய் கொட்டாவி விட்டது. அலுவலருக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து மோந்தார்.

"முட்டை வாசனை வருதே? எந்த முறையில பழக்கினீங்க?"

குஷன்காரருக்குப் பொய் சொல்ல வராது. "முட்டையும் பிஸ்கட்டும் வெச்சுத்தானுங்க."

"விதி பதினாலு!" என்று அலுவலர் கிட்டத்தட்ட சந்தோஷமாகக் கூவினார். "தூண்டுதல்! இது இயக்குநர் தீர்ப்புக்குப் போகணும். விண்ணப்பம் குடுத்துட்டுப் போங்க, ரெண்டு மாசத்துல கூப்பிடுவாங்க."

குஷன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுடைய முகம்தான் முன்னால் வந்து நின்றது. அப்போது மணி அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, கூண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "தூக்குங்க. மேலே கொண்டு போவோம்."

"அக்கா, நாய்க்கு உள்ள அனுமதி இல்லை!" என்று அலுவலர் குறுக்கே வந்தார்.

"நாய் எங்க சார் வருது? தனி இல்லம்தானே வருது."

இயக்குநர் தன் அறையில், தன் நாற்காலியில், தன் துண்டில் சாய்ந்து, ஒரு பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கூண்டைக் கண்டதும் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இது... நாயா?"

"ஆமாங்க. தூங்குது."

"நான் இதுவரைக்கும் இவ்வளவு கிட்டத்துல பார்த்ததில்லை" என்றார் வாரியத்தின் இயக்குநர்.

பயிற்சி அலுவலர் குற்றத்தை எடுத்துச் சொன்னார். இயக்குநர் குஷன்காரரைப் பார்த்தார். "எப்படிப் பழக்கினீங்க? உள்ளபடி சொல்லுங்க."

மணி அக்கா இயக்குநரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். குஷன்காரருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சொல்லிவிட்டார். "கதவைத் திறந்து கட்டி வெச்சேனுங்க. பழகின வாடையில ஒரு துணி. தின்பண்டத்தை முதல்ல வாசல்ல, அப்புறம் கொஞ்சம் உள்ள, அப்புறம் கடைசியில. நான் வேற பக்கம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த பிறகு கதவைப் பாதி சாத்தி, திறந்து... வெளியே பாடிக்கிட்டே இருந்தேன், ஆள் இருக்குன்னு தெரியட்டும்னு."

இயக்குநர் கதவைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். மணி அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டார். கையிலிருந்த பிஸ்கட் வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் போகவில்லை.

"பாருங்க சார், ஒப்புக்கிட்டார்!" என்றார் அலுவலர். "பிஸ்கட் குடுத்து உள்ள உட்கார வெச்சிருக்கார். இதுக்கு மேல கேவலம் உண்டா?"

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் இயக்குநர். "உள்ளே வர்றதுக்காகக் குடுத்தா அது தூண்டுதல். உள்ளே வந்தவங்களுக்குக் குடுத்தா அது உபசாரம்."

"வாசல்ல வெச்சிருக்காரே சார்! வாசல்ங்கறது உள்ளயா, வெளியயா? அதுக்கு ஒரு குழு..."

"உள்ளே" என்றார் இயக்குநர். "நான் சொல்றேன். வாசல் உள்ளேதான்." பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

குஷன்காரர் கும்பிட்டுக் காகிதத்தை வாங்கப் போனபோது அலுவலருக்குக் கடைசி ஆயுதம் கிடைத்துவிட்டது. "முத்திரை? முத்திரையை இயக்குநர் தன் கையாலயே குத்தணும். அது மூணாம் ஜன்னல்ல சங்கிலி போட்டுக் கட்டியிருக்கு. ஜன்னல் ஒரு மணிக்கு மூடிடுவாங்க. நாளைக்கும் மறுநாளும் விடுமுறை."

"இதுக்கு முன்னாடி எல்லாம் எப்படிங்க குத்தினாங்க?"

"இதுக்கு முன்னாடி யாரு பாஸ் ஆனா?" என்றார் மணி அக்கா. "வாரியம் ஆரம்பிச்சதுலேர்ந்து இதுதான் முதல் சான்றிதழ்."

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. இயக்குநர் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கீழேயா? கீழே பொதுமக்கள் இருப்பாங்களே!"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க சார், வாங்க சார்" என்று அலுவலர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். இயக்குநர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். நடுங்குவது தெரிந்தது. அந்த நடுக்கத்தைக் குஷன்காரர் மெஷினுக்கு அடியில் பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை.

"விடுங்க ஐயா அவரை! யாரும் கூப்பிடாதீங்க" என்றார்.

கதவை விரியத் திறந்து கட்டினார். கூண்டைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் வைத்து, அதன் பக்கத்தில், இயக்குநருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, குண்டூசியோடு எதையோ பேச ஆரம்பித்தார். மணி அக்கா தட்டை மாடிப்படி ஓரத்தில் வைத்துவிட்டுக் கைப்பிடியைத் துடைத்தார். பன்னிரண்டு நாற்பத்திரண்டு. கப்பல், மகள், வலி, எல்லாம் சேர்ந்து குஷன்காரரை, 'யோவ், எழுந்து வாய்யா' என்று கத்தச் சொன்னது. நாக்கைக் கடித்துக்கொண்டு நாயிடம் பஞ்சு ரகங்களைப் பற்றி விளக்கினார். பின்னால் ஒரு காலடி கேட்டது. திரும்பவில்லை. காலடி உள்ளே போய்விட்டது. பன்னிரண்டு நாற்பத்தெட்டு. மறுபடி வந்தது. இரண்டு, மூன்று. பிஸ்கட் கடிக்கிற சத்தம் படிக்கட்டுப் பக்கம் கேட்டது. அக்கா தட்டை அடுத்த திருப்பத்துக்குக் கொண்டுபோயிருந்தார். கூண்டைத் தூக்கிக்கொண்டு குஷன்காரரும் இயக்குநருக்கு நாலு படி முன்னால், திரும்பிப் பார்க்காமல், பாட்டை முணுமுணுத்தபடி இறங்கினார்.

கீழே மூன்றாம் ஜன்னல் அம்மாள் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். வரிசையில் பதினோரு பேர். குஷன்காரர் உதட்டில் விரலை வைத்து, எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்புங்கள் என்று சைகை காட்டினார். வாரியத்தில் எதைச் சொன்னாலும் செய்து பழகிய ஜனங்கள், காரணம் கேட்காமல் திரும்பி நின்றார்கள். இயக்குநர் கடைசிப் படியில் நின்று அத்தனை முதுகுகளையும் பார்த்தார். பிறகு ஜன்னல் வரைக்கும் நடந்துபோய், சங்கிலியை இழுத்து, முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

"சார், மேலே போகலாம் சார், வெயிலா இருக்கு" என்று பயிற்சி அலுவலர் ஓடிவந்தார். இயக்குநர் அசையவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண், சுவரைப் பார்த்தபடியே படிவத்தைப் பின்பக்கமாக நீட்டி, "ஐயா, இந்த முப்பத்தொண்ணாம் கேள்விக்கு என்ன எழுதறது?" என்று கேட்டாள். அவர் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"யார் இந்தக் கேள்வியைப் போட்டது?"

"நீங்கதான் சார், கையெழுத்து இருக்கு" என்றார் மூன்றாம் ஜன்னல் அம்மாள். இயக்குநர் அப்படியே வரிசைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணிடம் அவளுடைய நாயைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

குஷன்காரர் கூண்டோடு வீட்டுக்கு வந்தபோது, மனைவி கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் எதையும் பேசத் தைரியமில்லாமல் நின்றாள். அவர் காகிதத்தை நீட்டினார். அவள் அதை வாங்காமல், முதலில் போர்வையை விலக்கி உள்ளே பார்த்தாள். குண்டூசி தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓவென்று அழுதுவிட்டு, மகளுக்குப் போன் போட்டாள். எல்லாம் அடங்கினபிறகு நடந்ததை அவர் சொல்லச் சொல்ல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவ்வளவு பயந்த மனுஷன் மூணு மாடி இறங்கி வந்தாரா? யாருங்க அப்படிக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல" என்றார் குஷன்காரர். "அதனாலதான் வந்தாரு."